நூற்றைம்பது இருக்கைகள்

ஆகஸ்ட் 5

தலைமை விமானி அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பதவியை எழுதுகிறேன். ஜப்பான் வந்ததிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டாய். எடுக்க மாட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் நடுவில் நுழைய எனக்கு இடம் கிடைக்காது. நாற்பத்து மூன்று வருஷமாகக் கிடைத்ததில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

பதினொரு மாதம் உட்கார்ந்து தயாரித்த திட்டம் அது. ஜப்பானுக்கு நம் கம்பெனியின் முதல் விமானம். எல்லாரும் போய் முட்டிக்கொள்ளும் தலைநகரம் வேண்டாம், மேற்கே இருக்கும் தொழிற்சாலை நகரத்துக்குப் போவோம் என்றேன். பெரிய விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டாம், நம்மிடம் இருக்கும் சின்ன விமானமே போதும், நூற்றெண்பது இருக்கைகளில் நூற்றைம்பதை மட்டும் விற்போம், பாரம் குறைந்தால் வழியில் எங்கும் இறங்காமல் போய்வரலாம் என்றேன். சேர்மன் உன் பக்கம் திரும்பினார். நீ எழுந்து நின்று என்ன சொன்னாய்?

"என் தங்கச்சி பேப்பர்ல நல்லா பிளேன் ஓட்டுவா சார். ஆனா காத்து பேப்பர் படிக்காதே."

பதினாறு பேர் சிரித்தார்கள். விளம்பரப் பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு நீ கையெழுத்துப் போட்ட தாள் மேஜையைச் சுற்றி வந்தது. "இயக்க இயலாது." இரண்டே வார்த்தை. பதினொரு மாதம் இரண்டு வார்த்தையில் முடிந்தது.

"அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீயே போய்ப் பாரும்மா, மூணு மாசம் டைம் தர்றேன்" என்று சேர்மன் சொன்னது வேலை இல்லை, தண்டனை என்று எனக்கும் தெரியும். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. துணி தேய்க்கிற பலகைதான் என் ஆபீஸ் மேஜை. சன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை.

நான் அழுதுகொண்டு திரும்பி வருவேன் என்று மட்டும் காத்திருக்காதே.

தங்கை

---

ஆகஸ்ட் 20

வாலுக்கு,

கோபத்திலும் எழுத்து குண்டுகுண்டாக அழகாகத்தான் இருக்கிறது. உன் அண்ணி கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். மூன்று நாளாக என்னிடம் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறாள். வீட்டிலும் எனக்குக் கடிதம்தான் என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

நான் சொன்னதில் என்ன பொய்? குளிர்காலத்தில் அங்கிருந்து திரும்பும்போது எதிர்க்காற்று முகத்தில் அறையும். போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது எட்டரை, சில நாள் ஒன்பது. அந்தச் சின்ன விமானம் முழுப் பாரத்தோடு வந்தால் எரிபொருளுக்காக நடுவழியில் இறங்கியே ஆக வேண்டும். இதைச் சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்? வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். சபையில் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை.

இங்கே எல்லாம் முடிவாகிவிட்டது. தலைநகருக்கே போகிறோம். பெரிய விமானம் வாடகைக்கு வருகிறது. ஜனவரி பத்து முதல் ஜப்பான் என்று சேர்மன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். விளம்பரப் பிரிவுத் தலைவர் கட்டிடம் முழுக்க ஜப்பான் செர்ரிப் பூப்படமாக ஒட்டிவிட்டார். லிஃப்டுக்குள் பூ, கேன்டீனில் பூ. எல்லாரும் அவரைப் பூக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள்.

வீம்பு வேண்டாம். ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சேர்.

அண்ணன்

---

செப்டம்பர் 3

அண்ணா,

ஊர் சுற்றித்தான் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேள்.

இந்த மாவட்டத்தில் நம் நாட்டவர் நாலாயிரத்து இருநூறு பேர். கார் பாகம் செய்யும் தொழிற்சாலைகளில் பாதி, முதியோர் இல்லங்களில் மீதி. பூப் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் சலவைக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். துணி சுற்றி முடிகிற வரை எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், ஓட முடியாது. அங்கேதான் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டேன்.

"ஏழு நாள்க்கா. போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். வீட்ல மூணு நாள் இருப்பேன், அதுல ஒரு நாள் தூங்கியே போயிடும்."

"ஏன் ரெண்டு நாள்?"

"ரெண்டு எடத்துல மாறணுமே. போன வருஷம் அப்பா போயிட்டாங்கன்னு போன் வந்துச்சு. உடனே கெளம்பினேன். ரெண்டாவது ஏர்போர்ட்ல பதினொரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அங்க உக்காந்திருக்கும்போதே எல்லாம் முடிச்சுட்டாங்க. மூஞ்சியப் பாக்கல."

சொல்லிவிட்டு எழுந்து போய் ஈரத்துணியை எடுத்துப் பைக்குள் திணித்தாள். அவளுக்கு எட்டரை மணி நேரத்தில் வீடு இருக்கிறது, அண்ணா.

விமான நிலைய மேலாளரையும் பார்த்தேன். ஒல்லியான மனிதர். பேச்சை அளந்து பேசுகிறார். செவ்வாய், சனி காலை பதினொரு மணிக்கு இறங்கும் இடம் காலியாக இருக்கிறதாம். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குளிர்காலத்திலும் வருவீர்களா, பூ பூக்கும்போது மட்டுமா?" முன்பு ஒரு விமானக் கம்பெனி வந்து எட்டே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாம். வருவோம் என்றேன். அப்படியானால் விமானம் ஓட்டுவதற்குப் பொறுப்பான ஆளிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார்.

அந்த ஆள் நீ.

இப்போது ஒன்று கேட்கிறேன். "இயக்க இயலாது" என்று எழுதினாயே, நூற்றைம்பது பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டா எழுதினாய்?

தங்கை

---

செப்டம்பர் 15

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரே மழை. ரன்வேயின் கிழக்குப் பக்கம் தண்ணீர் நின்று இரண்டு நாள் பாடாய்ப் படுத்திவிட்டது. அண்ணிக்கு முட்டிவலி. பேச ஆரம்பித்துவிட்டாள், திட்டுவதற்கு.

அந்தப் பெண்ணின் கதை மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒரு கதைக்காக ஒரு கம்பெனி விமானம் விட முடியாது, அது உனக்கே தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். சேர்மன் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, முழு விமானத்தோடு முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

மற்றபடி நலம்.

அண்ணன்

---

செப்டம்பர் 24

அண்ணா,

ரன்வேயில் தண்ணீர் நின்றதைப் பத்து வரி எழுதியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நீ மழுப்பும்போது மழையைப் பற்றிப் பேசுவாய். என் கல்யாணம் நின்றபோதும் அப்படித்தான், மூன்று நாள் மழையைப் பற்றியே பேசினாய்.

என் திட்டம் உன் மேஜைமேல் ஒரு மாதம் இருந்தது. முதல் பக்கத்திலேயே நூற்றைம்பது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். நூற்றெண்பதுக்குக் கேள்வி கேட்டார்கள், நூற்றெண்பதுக்குப் பதில் சொன்னேன் என்று வேறு யாரிடமாவது சொல். கேள்வியே தப்பு என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நீ. வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, ஜோக் வேறு அடித்தாய்.

ஏன்? அதை மட்டும் எழுது. எழுத முடியாவிட்டால் இனிமேல் எழுதாதே.

அக்டோபர் 31 வரை கம்பெனி சார்பில் இங்கே விண்ணப்பிக்கும் அதிகாரப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் அதுவரை இந்த மேலாளர் வாசலில்தான் நிற்பேன்.

தங்கை

---

அக்டோபர் 12

தங்கைக்கு,

இதை நான்கு முறை கிழித்து எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்திரண்டு வருஷமாக அந்தச் சின்ன விமானத்தையே ஓட்டுகிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பெரிய விமானம் ஓட்டி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். ஜப்பானுக்குப் பெரிய விமானம் வந்தால் முதல் பயணம் என்னுடையது என்று சேர்மன் சொல்லியிருந்தார். உன் திட்டம் ஜெயித்தால் அது வராது. இவ்வளவுதான் விஷயம். காற்றும் இல்லை, மழையும் இல்லை. உன் திட்டத்தைப் படித்தேன். சரியாக இருக்குமோ என்ற பயத்தில் கணக்குப் போடாமலே மூடி வைத்தேன்.

எழுதிவிட்டேன். அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை இது.

உன் கடிதம் வந்த மறுநாளே உட்கார்ந்தேன். பத்து வருஷக் குளிர்காலக் காற்று விவரத்தை எடுத்தேன். ஒரு இளம் பெண் விமானியைத் துணைக்கு வைத்துக்கொண்டு சிமுலேட்டரில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்வோம். மிக மோசமான காற்றையாகப் பார்த்து முகத்துக்கு நேரே விட்டோம். நூற்றைம்பது பேர் என்றால் ஒரு குளிர்காலத்தில் மூன்றே மூன்று பயணம்தான் நடுவில் இறங்க வேண்டிவரும். மற்றதெல்லாம் நேராக வீடு. கடைசி நாள் அந்தப் பெண் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "சார், இதை யாரோ ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்காங்க. உங்க நம்பரும் இதுல இருக்கற நம்பரும் ஒண்ணாவே இருக்கு." உன் திட்டத்தைத்தான் கையில் வைத்திருந்தாள்.

பழைய தாளைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். சேர்மன் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"தங்கச்சிக்காகப் பண்றியா?"

"இல்ல சார். மொதல்ல எழுதினதுதான் எனக்காகப் பண்ணினது. இது கணக்கு."

"யோசிச்சுக்கோ. பெரிய பிளேன் போயிடும். இந்த ரூமும் போயிடும்."

"ரூம் ரொம்ப நாளாவே ஒழுகுது சார்."

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் தலைமை விமானி இல்லை. பட்டியலில் பேர் வந்தால் ஓட்டுகிற சாதாரணக் கேப்டன். அண்ணி விஷயம் கேட்டு இரண்டாவது முறை சோறு போட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது அப்படித்தான்.

பதவியில் இருந்த கடைசி நாள் மேலாளருக்கு எழுதிய உத்தரவாதம் இதோடு இருக்கிறது. தேதியும் முத்திரையும் சரியாக இருக்கிறது, பார்த்துக்கொள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எழுதத்தான் நான்கு முறை கிழித்தேன்.

அண்ணன்

---

அக்டோபர் 31

அண்ணா,

மன்னிக்கவில்லை. ஆனால் அண்ணா என்று எழுதக் கை தானாக வருகிறது, கவனித்தாயா?

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. மேலாளரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் படித்தார். "மூன்று பயணங்கள் இறங்க வேண்டிவரும் என்று அவரே எழுதியிருக்கிறார். இதுவரை யாரும் எங்களுக்கு இப்படி எழுதியதில்லை" என்றார். இடம் கொடுத்துவிட்டார், அண்ணா. செவ்வாய், சனி, காலை பதினொரு மணி.

அன்றைக்கே சேர்மனின் செய்தி வந்தது. வேலையை நிறுத்திவிட்டு உடனே திரும்பு என்று. பதில் போட்டேன்: "பத்திரம் முப்பத்தொன்று வரை செல்லும். முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு நிறுத்துகிறேன்." இன்று காலை ஒன்பதரைக்கு இந்த ஊர் விமானத் துறை அலுவலகத்தில் கம்பெனி பெயரில் விண்ணப்பத்தைப் பதிவு செய்தேன். ரசீதில் முத்திரை குத்தும் சத்தம் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

இனிமேல் வேண்டாம் என்றால் சேர்மனே காரணம் எழுதித் திரும்பப் பெறட்டும். எழுத மாட்டார். ஏன் என்று சொல்கிறேன். பெரிய விமானம் வாடகைக்கு விடுகிறவர்கள் அடுத்த கோடை வரை விமானம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்களாம். தலைநகரில் நமக்கு இடமும் கிடைக்கவில்லையாம். கணக்குப் பிரிவில் இருக்கும் என் சிநேகிதி சொன்னாள். ஜனவரி பத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். ஜப்பானில் இறங்க அவர் கையில் இருக்கும் ஒரே அனுமதி இந்த வீம்புக்காரி வாங்கியது.

வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி. தூக்குகிற கடிதத்தை இந்த டயர் கடை விலாசத்துக்கே அனுப்பச் சொல்.

தங்கை

---

ஜனவரி 21

அண்ணா,

நேற்று நீ விமானத்துக்குள் இருந்தாய். கவுன்டரில் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை வரும் விமானப் பணிப்பெண் கையில் கொடுத்துவிடுவேன். நம் விமானத்திலேயே நம் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை.

நூற்றைம்பதுக்கு மேல் விற்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினேன்! சேர்மன் வேறு வழியில்லாமல் சொன்ன தேதிக்கே நம் சின்ன விமானத்தை விட்டார், என்னையே இங்கே பொறுப்பாகவும் வைத்தார். முதல் மூன்று பயணமும் நிரம்பியதும் பூக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. மீதி முப்பதையும் திறந்துவிட்டார். நூற்று எழுபத்திரண்டு டிக்கெட். நீ இறங்கி வந்து, "இன்னிக்குக் காத்து ஒரசிட்டுப் போற காத்து இல்ல. நூத்தம்பது. ஒரு ஆள் கூட ஏத்தாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அந்த நிமிஷமே சேர்மன் போனில். எல்லாரையும் ஏற்று, நடுவில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ளட்டும் என்றார். மாட்டேன் என்றேன்.

"யாரு கேட்டாங்க உன்னை?"

"நேரா வீட்டுக்குன்னு சொல்லித்தான் சார் வித்தோம். நூத்தி அம்பத்தோராவது போர்டிங் பாஸ் வேணும்னா நீங்க இங்க வந்து உங்க கையால குடுங்க."

போனை வைத்துவிட்டேன். பெட்டி எடை போடும் மேடைமேல் ஏறி நின்றேன். திரையில் என் எடை வேறு தெரிந்தது, எல்லாரும் பார்த்தார்கள். தப்பு எங்களுடையது, இருபத்திரண்டு பேர் சனிக்கிழமை போக வேண்டும், அதுவரை தங்கும் இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்றேன். ஒரே கூச்சல். ஒரு தொழிற்சாலை மேஸ்திரி முன்னால் வந்து, "எங்களை என்ன மூட்டைன்னு நெனச்சீங்களா, எறக்கி வைக்க?" என்று கத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூட்டை இல்லை என்பதால்தான் கேட்கிறேன் என்றேன். லிஸ்ட் போட்டு யாரையும் தள்ளப் போவதில்லை, தாங்களாக முன்வருகிறவர்கள் நின்றால் போதும் என்றேன்.

அந்த முதியோர் இல்லத்துப் பெண், என் சலவைக்கடைச் சிநேகிதி, வரிசையிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதல் தடவையாக நேர் விமானத்தில் போக வந்தவள் அவள். "எனக்கு சும்மா அம்மாவைப் பாக்கத்தான்க்கா. அவசரம் உள்ளவங்க போகட்டும்" என்றாள். அடுத்து நம் ஊர்த் தொழிற்சாலைக்கு வரும் ஜப்பான் எஞ்சினியர்கள் ஐந்து பேர் தலைகுனிந்து வணங்கிவிட்டு ஒதுங்கினார்கள். கத்திய மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? திரும்பி நின்று வரிசையைப் பார்த்து, "சாவுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, கைக்கொழந்தைக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம்" என்று அவரே பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு ஆகிவிட்டது. இருபத்திரண்டாவது ஆள் அவர்தான்.

நீ எத்தனை மணிக்கு இறங்கினாய், எவ்வளவு எரிபொருள் மிச்சம், எல்லாம் எழுது. இந்த வாரம் என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள் என்று நினைக்கிறேன். தூக்கட்டும். மறுபடியும் அந்த மேடைமேல் ஏறச் சொன்னாலும் ஏறுவேன்.

தங்கை

---

பிப்ரவரி 6

வாலுக்கு,

எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். மிச்சம் இருந்தது சட்டப்படி இருக்க வேண்டியதைவிட இருபது நிமிஷத்துக்கு மேல். நூற்று எழுபத்திரண்டு பேரையும் ஏற்றியிருந்தால் நடுவில் இறங்கியிருப்பேன். இறங்கிய பிறகு கடைசியாக வெளியே வந்த ஒரு ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய் டாக்ஸியில் ஏறினார்.

உன்னைத் தூக்கத்தான் பார்த்தார்கள். உத்தரவு டைப் அடித்துத் தயாராக இருந்தது. அந்த வழியில் ஓட்டும் கேப்டன்கள் பதினொரு பேரும் சேர்ந்து ஒரு தாள் கொடுத்தோம். நூற்றைம்பதுக்கு மேல் ஒரு ஆளோடும் அந்த விமானத்தைக் குளிர்காலத்தில் கிளப்ப மாட்டோம், கவுன்டரில் இருக்கும் ஆளை மாற்றினாலும் இதேதான் என்று. தாளை எழுதியது நான் இல்லை. சிமுலேட்டரில் கூட உட்கார்ந்த அந்தப் பெண். முதல் கையெழுத்தும் அவளுடையது. நான் நான்காவது. உன் விமான நிலைய மேலாளரும் சேர்மனுக்கு எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு பேரை ஒரு சண்டையில்லாமல் நிறுத்திய அதிகாரியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம்.

சேர்மன் இரண்டு நாள் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"சரி, சீட் இருந்தா இவங்க வித்துட்டே இருப்பாங்க. என்ன பண்ணலாம் சொல்லு."

"கழட்டிடலாம் சார்."

நேற்று காலை விமானக் கொட்டகையில் கழற்றினோம். ஐந்து வரிசை, முப்பது இருக்கை. ஒவ்வொரு போல்ட்டாக எஞ்சினியர் கழற்ற, நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது, அண்ணி தைலம் தேய்த்துவிட்டுத் திட்டுகிறாள். மீதி வரிசைகளைத் தள்ளித் தள்ளிப் பொருத்தியதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாண் இடம் கூடியிருக்கிறது. பூக்காரர் வந்து நின்று பார்த்தார். ஒரு இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினார். இடிக்கவில்லை. மாலைக்குள் லிஃப்டில் பூவை எடுத்துவிட்டு, "காலை நீட்டுங்கள், கண்ணை மூடுங்கள், வீட்டில் விழியுங்கள்" என்று ஒட்டிவிட்டார். தன் யோசனை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

பெரிய விமானம் எனக்கு இனி வராது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகும், விடு.

பதவி திரும்ப வேண்டுமா என்றும் சேர்மன் கேட்டார். அந்த இளம் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். நீ வர மாட்டாய் என்று நானே சொல்லிவிட்டேன். சரிதானே?

வரும் செவ்வாய் பட்டியலில், மாறி மாறி ஓட்ட இன்னும் இரண்டு கேப்டன்களோடு, என் பேரும் இருக்கிறது. காற்று பலமாகத்தான் இருக்குமாம். பதினொரு மணிக்கு இறங்குவேன். நூற்றைம்பது பேரை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்குக் கிளம்புவேன். நடுவில் எங்கும் இறங்க மாட்டேன்.

அண்ணன்